தரை இறங்கிய இரண்டு வகுப்பறைகள்

பின்னணி

மலேசியாவின் பினாங்குப் பெருநிலத்தில், தென் செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் நடந்தது இது. பள்ளி, கட்டடம் கட்டிய குத்தகையாளர், இலாகா என்று யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. தலைமையாசிரியர் இன்னும் அரசாங்க ஊழியர், அவருக்குத் தொல்லை வேண்டாம். நான் அப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். லாரி கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை. கட்டுமானம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொந்த வீட்டின் சமையலறையை நீட்டியபோது பட்ட பாடு மட்டும்தான். பெரும்பாலான பள்ளிகளில் சங்கச் செயலாளராக இருப்பவர் என்னைப் போன்ற ஆள்தான் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இந்த வட்டாரம் பழைய கரும்புத் தோட்ட பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனி ஆலைகளுக்காகத் தமிழர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம், அப்புறம் ரப்பர், அப்புறம் செம்பனை. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் வந்த பிறகும் பள்ளி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த பள்ளிக்குக் கூட்டரசு நிதியில் இரண்டு மாடி, எட்டு வகுப்பறை கொண்ட கட்டடம் கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. பூமி பூஜைக்குப் பந்தல் போட்டோம், அன்னதானம் வைத்தோம், திட்டத்தின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாட்டில் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும், நிலமும் கட்டடப் பராமரிப்பும் தோட்டத்தின் தலையிலோ பள்ளி வாரியத்தின் தலையிலோ இருக்கும். எங்கள் பள்ளியும் அப்படித்தான். அரசாங்கப் பணத்தில், அரசாங்கம் நியமித்த ஆட்கள் கட்டிய கட்டடம் ஒப்படைத்த மறுநாள் யாருடைய பொறுப்பு? பூஜை நாளில் யாராவது இதைக் கேட்டிருந்தால் அபசகுனம் பிடித்தவர் என்று பெயர் வாங்கியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

முதலில் கண்ணில் பட்டது

வேலை ஒரு நவம்பர் பள்ளி விடுமுறையில் முடிந்தது. ஆனால் மின்சார இணைப்பும் மேசை நாற்காலியும் வராமல் கட்டடம் ஐந்து மாதம் பூட்டியே கிடந்தது. சாவி எங்கள் கைக்கு வந்தது ஏப்ரலில்.

பிள்ளைகள் உள்ளே போய் நான்கு மாதத்தில் கீழ்த்தளத்தின் ஓரத்து வகுப்பறைக் கதவு இறுக ஆரம்பித்தது. மழைக்குப் பலகை ஊதியிருக்கும் என்று தச்சரை அழைத்து அடியைச் சீவிவிட்டோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி இறுகியது, மறுபடி சீவினோம். பிறகுதான் டீச்சர் ஒருவர் காட்டினார்: தூணை ஒட்டிச் சுவரடியில் பதித்த ஓட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. ஓடு தூணோடு ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது, தரை அதை விட்டுக் கீழே போயிருந்தது. எங்களுக்கு முன்பே பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அடிக்கோலையும் பத்து சென், இருபது சென் காசுகளையும் அதில் நுழைத்து 'உண்டியல்' என்று பெயர் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வகுப்பறையின் தடுப்புச் சுவரில், செங்கல் இடுக்குகளின் வழியாகப் படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் சாய்வான விரிசல் வந்தது. வெளியே கட்டடத்தைச் சுற்றிப் போட்ட சிமெண்டு நடைபாதை சுவரை விட்டு விலகியது. அதை ஒட்டிய கால்வாயில் தண்ணீர் வெளிவாசல் பக்கம் ஓடாமல் திரும்பிக் கட்டடத்தை நோக்கி ஓடி அங்கேயே தேங்கியது. கழிவறைக் குழாய் மண்ணுக்கடியில் எங்கோ விட்டுப்போய், மழை நாட்களில் ஒன்றாம் ஆண்டு வகுப்பில் உட்கார முடியாத நாற்றம். மேல்மாடியில் மட்டும் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. அது ஏன் என்று அப்போது நாங்கள் யோசிக்கவே இல்லை.

வீணாய்ப் போன ஒரு வருடம்

இந்தப் பகுதியை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படப்போவது இதுதான்.

குத்தகையாளரின் தளக் கண்காணிப்பாளர் நம் பையன், பக்கத்து ஊர்க்காரர், மரியாதையான பிள்ளை. அவருடைய எண் எங்கள் எல்லாரிடமும் இருந்தது. விரிசல் தெரிந்ததும் புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் அனுப்பினோம். "வர்றேன் அண்ணே, அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன்" என்று பதில் வந்தது, சொன்னபடி ஆளும் வந்தார்கள். முதல் முறை இடைவெளியில் சிமெண்டு பூசினார்கள். இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை, இறங்கிய தரையைச் சமப்படுத்துகிறோம் என்று இரண்டு அங்குலத்துக்கு மேல் கான்கிரீட் கொட்டி, மேலே ஓடு ஒட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் டீ வாங்கிக் கொடுத்து நன்றி சொன்னோம். அந்தக் கூடுதல் எடைதான் தரையை இன்னும் வேகமாக அமுக்கியது என்பது பிறகு தெரியவந்தது.

ஒரு வருடத்தில் நாங்கள் அனுப்பிய படங்கள் எண்பதுக்கு மேல் இருக்கும். கடிதம் ஒன்றுகூட இல்லை. நம் பையனுக்கு எதிராகக் கடிதம் போடுவதா என்ற தயக்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

தலைமையாசிரியர் சும்மா இருக்கவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினார். அவருக்குத் தெரிந்த பாரம் வருடாந்திரப் பராமரிப்பு விண்ணப்பம்தான், அதில் 'வகுப்பறைத் தரை பழுதுபார்ப்பு' என்று நிரப்பி அனுப்பிவிட்டார். பாரம் பராமரிப்புக் கோப்புக்குள் போனது. பகுதி உதவிப் பள்ளி என்பதால் பராமரிப்பை வாரியம் பார்த்துக்கொள்ள வேண்டும், சிறப்பு ஒதுக்கீடு வரும்போது பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பதில் எழுதிய அதிகாரியிடம் தப்பில்லை, அவர் கையில் வந்த தாளில் இருந்ததற்குத்தான் அவர் பதில் சொன்னார். கட்டி முடித்து ஒன்றரை வருடம்கூட ஆகாத கட்டடத்தின் கட்டுமானக் குறைபாடு, 'பழுதுபார்ப்பு' என்கிற ஒரு சொல்லால் எங்கள் சொந்தச் செலவாக மாறிப்போனது.

அரசியல்வாதி ஒருவரும் வந்தார், வருத்தப்பட்டார், படம் எடுத்துக்கொண்டார், சாயம் அடிக்கப் பணம் கொடுத்தார். வாரியம் அந்தப் பணத்தில் சுவருக்குச் சாயம் அடித்தது. விரிசல் எவ்வளவு நீளம், எப்போது எதுவரை வந்தது என்பதற்கான தடயத்தை நாங்களே கைக்காசு போடாமல் மூடிவிட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேலே சுகாதார அதிகாரிகள் ஏடிஸ் கொசுச் சோதனைக்கு வந்தார்கள். தேங்கிய கால்வாயில் கொசுப்புழு இருந்தது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எச்சரிக்கை யாருக்கு? பள்ளிக்கு. கால்வாயைத் தலைகீழாய்ச் சாயவிட்டவருக்கு ஒன்றுமில்லை.

ஒரு தாத்தா கேட்ட கேள்வி

பேரனை அழைத்துப்போக வருகிற பெரியவர் ஒருவர், அரசாங்கத்தில் டெக்னீஷனாக இருந்து ஓய்வு பெற்றவர், கால்வாயைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "டிஎல்பி எப்ப முடியுது தம்பி?"

"அப்படின்னா என்னங்க ஐயா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கேண்டீனில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அரசாங்கக் கட்டுமானங்களுக்குப் பரவலாகப் பயன்படுவது 203ஏ என்கிற ஒப்பந்தப் படிவம். வேலை முடிந்ததும் மேற்பார்வை அதிகாரி ஒரு முடிப்புச் சான்றிதழ் தருவார், சிபிசி என்பார்கள். அந்தச் சான்றிதழில் போட்ட தேதியிலிருந்து குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஓடத் தொடங்கும், அதுதான் டிஎல்பி. அந்தக் காலத்துக்குள் தெரிகிற குறைகளை மேற்பார்வை அதிகாரி பட்டியல் போட்டுக் குத்தகையாளருக்குக் கொடுக்க வேண்டும், காலம் முடிந்து 14 நாள் தாண்டினால் பட்டியல் கொடுக்கும் வழி அடைபட்டுவிடும். குத்தகையாளர் செய்யாவிட்டால் அரசாங்கம் வேறு ஆளை வைத்துச் செய்து, செலவை அவருடைய உத்தரவாதத் தொகையிலிருந்து எடுக்கலாம். ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு அப்படிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும், டிஎல்பி முடிந்த பிறகும் 12 மாதம் வரை அது அரசாங்கத்தின் கையில் இருக்கும்.

"நீங்க அந்தப் பையனுக்கு அனுப்பின படம் எல்லாம் கணக்கிலேயே வராது. பெகாவாய் பெங்குவாசாவுக்கு, அதான் அந்த மேற்பார்வை அதிகாரிக்கு, அனுப்பினீங்களா?" என்றார். அந்தப் பதவியின் பெயரையே நாங்கள் அன்றுதான் கேள்விப்பட்டோம்.

தேதியைத் தேடியது

சாவி கிடைத்த ஏப்ரலிலிருந்து எண்ணினால் நிறைய நாள் இருப்பதாகத் தோன்றியது. ஆனால் காலம் ஓடத் தொடங்கியது சான்றிதழ் தேதியிலிருந்து, அந்தத் தேதி பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஒப்பந்த நகலும் பள்ளியில் இல்லை, அது அரசாங்கத்துக்கும் குத்தகையாளருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம், பள்ளி அதில் ஒரு தரப்பே இல்லை.

பினாங்கில் 2015 முதல் மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் கீழ் விண்ணப்பிக்கலாம் என்று உற்சாகமாகப் போனேன். அது மாநில அரசாங்க இலாகாக்களுக்கு மட்டும், எங்கள் திட்டம் கூட்டரசு நிதி, கூட்டரசுக் கோப்பு. கூட்டரசு அளவில் அப்படி ஒரு சட்டம் அப்போது இல்லை. ஆக அந்த வழி மூடியது.

கடைசியில் உதவியது பூமி பூஜைப் படம். சங்கப் பொருளாளரின் மாமியார், பலகைக்கு முன்னால் பட்டுப்புடவையில் நிற்கிறார். அவருடைய தோளுக்கு மேலே ஒப்பந்த எண்ணும், மேற்பார்வை அதிகாரியின் பதவியும், எந்த அலுவலகம் என்பதும் தெளிவாகத் தெரிந்தன. அந்த எண்ணைக் குறிப்பிட்டு, மலாய் மொழியில், பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதினோம். அதே விஷயத்தை அரசாங்கத்தின் பொதுப் புகார் முறையான சிஸ்பாவிலும் பதிந்தோம். குறிப்பு எண் இருந்ததாலோ என்னவோ, மூன்று வாரத்தில் பதில் வந்தது. சான்றிதழ் தேதி அந்த நவம்பர். டிஎல்பி 24 மாதம். அன்றைக்கு 22 மாதம் முடிந்திருந்தது.

சோதனையில் தெரிந்தது

இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றதும் வாரியம் பதிவு பெற்ற பொறியியலாளர் ஒருவரைச் சொந்தச் செலவில் அழைத்தது. சிலர் எதிர்த்தார்கள், அரசாங்கம் கட்டியதற்கு நாம் ஏன் காசு கட்ட வேண்டும் என்று. நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் கையில் ஒரு தொழில்முறை அறிக்கை இல்லாமல் கூட்டுச் சோதனைக்குப் போனால், அங்கே நாங்கள் வெறும் கவலைப்படுகிற பெற்றோர்கள் மட்டும்தான்.

அவர் முதலில் செய்தது ரொம்பச் சாதாரண வேலை. ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, அதன் மட்டத்தை வைத்து ஒவ்வொரு தூணிலும் பென்சில் கோடு போட்டார். தூண்களில் கோடுகள் எல்லாம் ஒரே உயரம். தரை மட்டும் ஓரத்து அறைகளில் இறங்கியிருந்தது, மோசமான இடத்தில் ஐந்து சென்டிமீட்டர், அதுவும் இரண்டு அங்குலம் கான்கிரீட் கொட்டிய பிறகு.

விளக்கம் இதுதான். இந்தக் கரையோரப் பகுதியில் அடியில் மென்மையான கடற்களிமண். அதன் மேல் மண் நிரப்பி எடை ஏற்றினால், களிமண்ணில் உள்ள தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறி, மண் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். கட்டடத்தின் தூண்கள் ஆழத்துக்கு இறக்கிய பைல்கள் என்கிற அடித்தளக் கம்பங்களின் மேல் நிற்கின்றன, அவை அசையவில்லை, அதனால்தான் மேல்மாடியில் விரிசல் இல்லை. கீழ்த்தளத் தரையோ பைலின் மேல் உட்காரவில்லை, நிரப்பிய மண்ணின் மேல் நேராக ஊற்றப்பட்டது. தடுப்புச் சுவரை அடியில் உத்தரம் இல்லாமல் அந்தத் தரையின் மேலேயே எழுப்பிவிட்டார்கள். தரை போகிற வழியில் சுவரும் போனது, குழாயும் போனது, கால்வாயும் போனது.

சரி, எட்டு அறையில் நான்கு கீழே இருக்க, ஏன் ஓரத்து இரண்டு மட்டும்? பொறியியலாளருக்குப் பிடிபடவில்லை. தரை இறங்கிய இடங்களைத் தாளில் வரைந்து பார்த்தபோது அது ஒரு பட்டை மாதிரி இரண்டு அறைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. டீ கொண்டுவந்த கேண்டீன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது பழைய வாய்க்கால் போன வழியாச்சே" என்றார். தோட்டக் காலத்தில் வெட்டிய வடிகால், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் மீன் பிடித்திருக்கிறார். எப்போதோ மூடிவிட்டார்கள். மண் பரிசோதனைக்குத் துளை போட்ட இடங்கள் கட்டடத்தின் முதல் வரைபடத்தை ஒட்டியவை. பிறகு மின்கம்பி வழித்தடத்தை விலக்குவதற்காகக் கட்டடத்தைப் பக்கவாட்டில் நகர்த்தியிருக்கிறார்கள். துளையை யாரும் நகர்த்தவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பிள்ளைகளை இரண்டு அறைகளிலிருந்தும் உடனே வெளியேற்றியது. கட்டடம் இடியாது என்று பொறியியலாளர் எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் உத்தரம் இல்லாத தடுப்புச் சுவருக்கு அவர் உத்தரவாதம் தரவில்லை. ஒன்றாம் ஆண்டு மண்டபத்துக்கும் இரண்டாம் ஆண்டு பழைய பலகைக் கட்டடத்துக்கும் போனது. பெற்றோர் கூட்டத்தில் பெரிய கூச்சல். 'ஹைலண்ட் டவர்ஸ்' என்று ஒருவர் சொன்னதும் மண்டபமே பதறிவிட்டது. 1993 டிசம்பர் 11 அன்று அந்த அடுக்குமாடி இடிந்து 48 பேர் இறந்ததை இந்த நாட்டில் என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். பினாங்கிலேயே 2013இல் இரண்டாம் பாலத்தின் ஏற்றப்பாதை சரிந்தது, 2018இல் புக்கிட் குக்குஸ் நிலச்சரிவில் ஒன்பது தொழிலாளர்கள் போனார்கள். பயப்படாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அறிக்கையின் ஒரு பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து, எது அசைகிறது எது அசையவில்லை என்று காட்டினோம், அது கொஞ்சம் வேலை செய்தது.

இரண்டாவது, 'பழுது' என்கிற சொல்லை எல்லாக் கடிதங்களிலிருந்தும் எடுத்தோம். 'குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் தெரியவந்த கட்டுமானக் குறைபாடு' என்றே எல்லா இடத்திலும் எழுதினோம். அறை வாரியாக, படத்தோடு, தேதியோடு, 37 குறைகள். அதை மேற்பார்வை அதிகாரியின் பதவிப் பெயருக்கு அனுப்பி, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் மாநிலக் கல்வி இலாகாவுக்கும் நகல் வைத்தோம். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம்.

மூன்றாவது, பத்திரிகைக்குப் போவதைத் தள்ளிவைத்தது. இதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. செய்தி வந்தால் அமைச்சர் வருவார், சாயம் அடிப்பார்கள், அதற்குள் 24 மாதம் முடிந்துவிடும் என்று தாத்தா சொன்னார். அந்த ஒரு வாதத்துக்காக நிறுத்தினோம்.

நான்காவது, வழக்குப் போடாதது. தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இலவசமாகப் பேசினார். ஒப்பந்தத்தில் பள்ளி ஒரு தரப்பு இல்லை என்பதால் ஒப்பந்த மீறல் என்று வழக்குப் போட முடியாது. கவனக்குறைவு என்று போகலாம், 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த காலவரையறைச் சட்டத் திருத்தத்தின்படி மறைந்திருந்த குறைபாடு தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் உண்டு, ஆனால் 15 வருட உச்ச வரம்புக்குள். அரசாங்க அமைப்புகளை எதிர்த்துப் போகும்போது 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும், அதில் கணக்கு 36 மாதம். ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் ஊராட்சி மன்றத்துக்கு 15 விழுக்காடு பொறுப்பு என்றது, 2006இல் கூட்டரசு நீதிமன்றம் அதையும் எடுத்துவிட்டது. சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு ஊராட்சி மன்றத்துக்குக் கவசம் என்பதே முக்கியக் காரணம். எங்கள் விஷயத்தில் ஊராட்சி மன்றம் இல்லை என்றாலும், 12 வருடத்துக்கு மேல் அலைந்த பிறகு கிடைத்த அந்த முடிவைக் கேட்டதும் வாரியத்தில் யாருக்கும் வழக்கில் ஆசை இல்லை. உத்தரவாதத் தொகை இன்னும் அரசாங்கத்தின் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்த வைப்பதே சுருக்கமான வழி என்று முடிவெடுத்தோம்.

யார் பொறுப்பு என்ற கேள்வி

கூட்டுச் சோதனை நடந்தது. வந்த உதவிப் பொறியியலாளர் அந்தத் திட்டத்துக்கு மூன்றாவது ஆள், முந்தைய இருவரும் இடமாற்றத்தில் போய்விட்டார்கள். கோப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார், அது எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. டிஎல்பி முடிய ஒன்பது நாள் இருக்கையில் குறைபாட்டுப் பட்டியல் குத்தகையாளருக்குப் போனது. எங்கள் 37இல் 31 அதில் இருந்தன.

குத்தகையாளர் கதவு, ஓடு, சாயம், சன்னல் கொக்கி எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் செய்துவிட்டார். தரையைத் தொடமாட்டேன் என்றார். வரைபடத்தில் தரை மண்ணின் மேல்தான் வரையப்பட்டிருக்கிறது, வரைந்தபடி கட்டினேன், என்றார். வரைபடத்தை வாங்கிப் பார்த்தால் அவர் சொன்னது உண்மைதான். வரைந்த ஆலோசகர், மண் அறிக்கையின்படி வரைந்தேன் என்றார். மண் அறிக்கை கொடுத்தவர், காட்டிய இடத்தில் துளை போட்டேன் என்றார். இடத்தை நகர்த்தச் சொன்ன கூட்டத்தின் குறிப்பில் பத்துப் பேர் கையெழுத்து, அதில் மறு பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. கோலாலம்பூரில் கெப்போங் மேம்பாலத் தூண்களில் விரிசல் வந்து 2006இல் பாலத்தையே மூட வேண்டி வந்தபோதும், வடிவமைப்பா வேலையா என்று இதே மாதிரிதான் இழுபறி நடந்தது. எங்களுடையது அதன் முன்னால் ஒரு கொசு. ஆனால் வட்டம் அதே வட்டம்.

ஒன்றில் மட்டும் குத்தகையாளரை மடக்க முடிந்தது. வரைபடத்தில் நிரப்பு மண்ணை அடுக்கடுக்காக இறுக்க வேண்டும், இறுக்கச் சோதனை முடிவு இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தச் சோதனைத் தாள்கள் நடைபாதைப் பகுதிக்கு இல்லவே இல்லை. கால்வாய், நடைபாதை, குழாய் மூன்றும் அதனால் வேலைக் குறைபாடாகின. கொடுத்த மூன்று மாதக் கெடு முடிந்தும் செய்யாததால், இலாகா வேறு ஆளை வைத்துச் செய்து செலவை உத்தரவாதத் தொகையிலிருந்து எடுத்தது.

விளைவு

தரை விஷயம் வடிவமைப்புக் குறைபாடாக மாநிலக் கல்வி இலாகா வழியாக அமைச்சுக்குப் போய், சிறப்பு ஒதுக்கீடு வந்து வேலை தொடங்கியபோது சான்றிதழ் தேதியிலிருந்து 41 மாதம் ஆகியிருந்தது. மீண்டும் மேலே கொட்டிச் சமப்படுத்தலாம் என்ற யோசனை இந்த முறையும் வந்தது, எங்கள் அறிக்கையைக் காட்டித் தடுத்தோம். பழைய தரையை உடைத்து, அறைக்குள் நுழையக்கூடிய சிறு இயந்திரத்தால் மைக்ரோபைல் இறக்கி, உத்தரம் போட்டு, மண்ணைத் தொடாத தொங்கு தரையாக ஊற்றினார்கள். தடுப்புச் சுவர் உத்தரத்தின் மேல் மறுபடி எழும்பியது.

பழைய தரையை உடைத்தபோது அடியில் ஒரு முழங்கை போகிற அளவுக்கு வெற்றிடம். அதிலிருந்து பதினான்கு அடிக்கோலும், அழிப்பானும், நான்கு வெள்ளிச் சொச்சம் சில்லறையும் கிடைத்தன. உண்டியலில் போட்டவர்களில் சிலர் அதற்குள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

ஒன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒன்றரை வருடத்துக்கு மேல் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தத்தில் படித்தார்கள். பொறியியலாளர் கட்டணத்தை வாரியம் திரும்பக் கேட்டது, கிடைக்கவில்லை. மறுவேலைச் செலவு மொத்தமும் பொதுப்பணம். ஆலோசகரிடமிருந்து அதில் எதையாவது மீட்டார்களா என்று மூன்று கடிதம் எழுதினோம். 'நடவடிக்கையில் உள்ளது' என்ற பதிலும் ஒரு குறிப்பு எண்ணும் வந்தன, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இடத்தை நகர்த்திய கூட்டத்தில் கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் யாரையும் யாரும் கூப்பிட்டு விசாரித்ததாக எங்களுக்குத் தகவல் இல்லை. கட்டடம் சரியானது என்கிற அளவில் எங்களுக்கு வெற்றி. பொறுப்பு என்று பார்த்தால், வெளியே தெரிந்த ஒரே தண்டனை குத்தகையாளரின் உத்தரவாதத் தொகையில் விழுந்த வெட்டு, அதுவும் கால்வாய்க்கும் குழாய்க்கும்.

மறுபடி என்றால் என்ன செய்வோம்

சாவி வாங்கும் நாளில் சான்றிதழின் நகலைக் கேட்போம், கொடுக்காமல் சாவியில் கையெழுத்துப் போடமாட்டோம். எங்கள் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட ஒப்படைப்புக் கடிதத்தின் இணைப்பில் அந்தத் தேதி இருந்திருக்கிறது, நான்காவது பக்கத்தில். ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தபோது டிஎல்பியும் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். மின்சாரமும் மேசையும் இல்லாத கட்டடத்துக்கு யாருமே உள்ளே போகாத மாதங்களையும் சேர்த்துக் கணக்கிடுவது நியாயமா என்று இலாகாவில் கேட்டேன். ஒப்பந்தம் அப்படி, என்றார்கள்.

புலனம் பேசுவதற்கு நல்லது. புகார் என்றால் பதவிப் பெயருக்குக் கடிதம், முத்திரை வாங்கிய நகல். நம் பையன் என்றாலும்தான். சொல்லப்போனால் அவருக்கே அது உதவியாக இருந்திருக்கும்: எங்கள் கடிதத்தைக் காட்டி மேலே கேட்டிருக்கலாம் என்று அவரே பிறகு என்னிடம் வருத்தப்பட்டார், அவர் கையில் அப்போது இருந்தது முதலாளி கொடுத்த நான்கு மூட்டை சிமெண்டு மட்டும்தான்.

விரிசலுக்குச் சாயம் அடிக்கமாட்டோம். இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் அளந்தால் போதும், அதற்குப் பொறியியலாளர் வேண்டாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளையே செய்யும்.

மண் பரிசோதனை எங்கே நடந்தது என்று கட்டடம் எழும்புவதற்கு முன்பே கேட்போம், கேண்டீன் அம்மாவையும் அந்தக் கூட்டத்துக்கு அழைப்போம். பத்திரிகை விஷயத்தில் எனக்கு இன்னும் இரண்டு மனம். பட்டியல் கையில் வந்த மறுநாளாவது போயிருக்கலாம், ஆலோசகர் மேல் நெருக்கடி வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. வாரியத் தலைவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

இப்போது பள்ளியில் கேண்டீன் நீட்டிப்பு வேலை நடக்கிறது. நான் செயலாளர் இல்லை, வேறு ஒரு தம்பி இருக்கிறார். போன வாரம் அலுவலகத்துக்குப் போனபோது பார்த்தேன், அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே 'சிபிசி தேதி' என்று எழுதி ஒரு கோடு. வேலை முடியாததால் கோட்டில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.